15 வயதை எட்டும் பத்து டயர் லாரி: ஓட்டுவதா, உடைப்பதா, மாற்றுவதா?

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருக்கிறவர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இப்போது இதில்தான் வந்து நிற்கிறது. 2010, 2011 வாக்கில் எடுத்த பத்து டயர் வண்டி. டியூ எப்போதோ கட்டி முடிந்தது, என்ஜின் ஒருமுறை பிரித்து வேலை செய்தாயிற்று, இன்னமும் லோடு ஏற்றினால் முனகாமல் மேடு ஏறுகிறது. இதை அப்படியே ஓட்டலாமா, அரசு சொல்கிற மாதிரி உடைக்கக் கொடுத்துவிட்டுப் புது பி.எஸ்.6 (2020 இல் வந்த புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி எடுக்கலாமா, நடுவாந்தரமாக நாலைந்து வருஷம் ஓடிய பி.எஸ்.6 வண்டி ஒன்றைப் பிடிக்கலாமா? எலெக்ட்ரிக் லாரிக்கு மானியம் தருகிறார்களாமே என்று நாலாவதாக ஒரு கேள்வியும் இளவட்டங்களிடமிருந்து வருகிறது.

நான் லாரிக்காரர்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது, ஆனால் டீசல் பில், டயர் பில், பட்டறைச் சீட்டு, ஃபைனான்ஸ் அட்டை எல்லாம் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். அந்தக் காகிதங்களை வைத்துச் சொல்கிறேன்: எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. தரும் தகுதிச் சான்று) கட்டணத்தைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம், அது தேவையில்லாத பயம். பார்க்க வேண்டியது பர்மிட் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதும், வண்டி மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதும்தான்.

அந்த 25,000 ரூபாய்

2025 நவம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் தகுதிச் சான்றுக் கட்டணத்தை மாற்றியது. 20 வயது தாண்டிய கனரக வண்டிக்கு 2,500 ஆக இருந்தது 25,000 ஆனது. பழைய வண்டி என்று கூடுதல் கட்டணம் வாங்குவது முன்பு 15 வயதில் தொடங்கியது, இப்போது 10 வயதிலேயே தொடங்கி வயது ஏற ஏறப் படிப்படியாக ஏறுகிறது. வாட்ஸ்அப்பில் வந்ததென்னவோ "எஃப்.சி. பத்து மடங்கு" என்ற ஒரே வரிதான். மறுநாள் காலையில் பெரியவர் ஒருத்தர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "ஏந்தம்பி, எஃப்.சி.க்கு இருபத்தஞ்சாயிரமாமா? வண்டியத் தூக்கிக் காயலான் கடையில போட்டுட்டு நாலு ஆட்டுக்குட்டி வாங்கி மேய்க்கலாமாட்ட இருக்குது" என்றார். "உங்க வண்டிக்கு இன்னும் இருபது வயசு ஆகலீங்கண்ணா, உக்காருங்க, கணக்குப் போட்டுப் பாக்கலாம்" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

கணக்கு சின்னதுதான். 25,000 என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 2,083 ரூபாய். புது வண்டிக்கு 35 லட்சம் கடன் வாங்கி 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை 74,000 சொச்சம் வரும். 2,083 ரூபாய்க்குப் பயந்து 74,000 ரூபாயைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்கு வேறு நல்ல காரணம் இருக்க வேண்டும். இருக்கவும் செய்கிறது, ஆனால் அது எஃப்.சி. கட்டணம் இல்லை.

எஃப்.சி.யில் உண்மையாகக் கையைக் கடிப்பது கட்டணத்துக்கு வெளியே இருக்கிற செலவு. எட்டு வயது வரை ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும், அதற்கு மேல் வருஷா வருஷம் காட்டியாக வேண்டும். காட்டுவதற்கு முந்தின வாரம் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பாடியில் துருப்பிடித்த பட்டியை வெட்டிப் புதுசு வைத்து வெல்டிங் அடிப்பார்கள், அடியில் ஒருத்தன் படுத்துக்கொண்டு பிரேக் லைனர் மாற்றுவான், பெயிண்டர் டிஃபரன்ஷியல் உருண்டைக்குக் கூட மஞ்சள் அடித்துவிட்டுப் போவார், பிரதிபலிக்கும் ஸ்டிக்கரைச் சுற்றி ஒட்டி, 80 கிலோமீட்டரில் நிறுத்துகிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சான்று வாங்கி, அப்புறம் முன் டயர் ரெண்டும் மொட்டையாக இருக்கிறதே என்று கடைசி நிமிஷத்தில் ஓடி, இத்தனைக்கும் நடுவே வண்டி லோடு இல்லாமல் நிற்கும். நிற்கிற நாளுக்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அது கணக்கிலும் வருவதில்லை. பழைய வண்டியை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால் இந்தச் செலவை வருஷத்துக்கு ஒன்றாகத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். டீசல் காசிலிருந்து எடுத்துச் செய்கிறவர்கள்தான் எஃப்.சி. மாதத்தில் கடன் கேட்டு வருகிறார்கள்.

இன்ஷூரன்சிலும் ஒரு விஷயம். மூன்றாம் நபர் பிரீமியம் வண்டியின் வயதைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கும். 20 முதல் 40 டன் வரை உள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்தது 43,950 ரூபாய், பழசுக்கும் அதே, புதுசுக்கும் அதே. அதன் மேல் இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் புது வண்டிக்குக் கடன்காரன் முழு இன்ஷூரன்ஸ் கேட்பான், பழசுக்கு மூன்றாம் நபரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பர்மிட் முடிந்தால் லைன் முடிந்தது

மோட்டார் வாகன விதியில் ஒரு வரி இருக்கிறது, எஃப்.சி. கட்டணத்தைப் பற்றிக் கத்துகிற யாரும் அதைப் பேசுவதில்லை. மாநிலம் தாண்டி ஓட்டுவதற்கான நேஷனல் பர்மிட் ஆறு டயர் வண்டிக்கு 12 வயது வரைக்கும்தான். பத்து டயர், பன்னிரண்டு டயர் என்று ஆக்சில் கூடுதலாக உள்ளவற்றுக்கு 15 வயது. அந்த நாளோடு பர்மிட் தானாகவே செல்லாமல் போகும், வருஷம் 16,500 கட்டிப் புதுப்பிக்க நீங்கள் தயார் என்றாலும் வாங்க மாட்டார்கள். 2011 இல் பதிவான பத்து டயருக்கு 2026 தான் கடைசி.

அதற்குப் பிறகு வண்டி ஓடக் கூடாது என்று அர்த்தம் இல்லை. எஃப்.சி. இருக்கிற வரை மாநில பர்மிட்டில் தமிழ்நாட்டுக்குள் ஓடலாம். கேள்வி, உங்கள் பிழைப்பு எந்த ரோட்டில் இருக்கிறது என்பதுதான். சேலம் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போய், நாசிக்கில் வெங்காயம் பிடித்துத் திரும்புகிற வண்டி என்றால் 15 வயதோடு அந்த லைன் முடிந்தது. பெரம்பலூரிலிருந்து கோழித் தீவன ஆலைக்கு மக்காச்சோளம், அரியலூர் சிமென்ட், தூத்துக்குடி துறைமுகத்துச் சரக்கு என்று ஓடுகிற வண்டிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

டெல்லி லைன் இன்னும் முன்பே மூடிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல், டெல்லியில் பதிவாகாத சரக்கு வண்டிகளில் பி.எஸ்.6 க்குக் கீழே உள்ளவற்றை உள்ளே விடக்கூடாது என்று காற்றுத் தர ஆணையம் உத்தரவு போட்டது. பி.எஸ்.4 க்கு மட்டும் 2026 அக்டோபர் 31 வரை கெடு தந்திருக்கிறார்கள். 2011 இல் நம் பக்கம் பதிவான லாரி பி.எஸ்.3 தான், அப்போது பி.எஸ்.4 பெருநகரங்களுக்கு மட்டும் இருந்தது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். ஆக பழைய வண்டிக்காரருக்கு டெல்லி ஏற்கெனவே இல்லை. பொள்ளாச்சித் தேங்காய் ஏற்றி வடக்கே போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். "செகண்ட் ஹேண்டில் பி.எஸ்.4 மலிவாக வருதுங்க" என்று புரோக்கர் வந்து நின்றால், ஏன் மலிவாக வருகிறது என்பதற்கான காரணத்தில் பாதி இந்த உத்தரவுதான்.

புது வண்டி

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 இலிருந்து 18 சதவீதமானது. வரிக்கு முந்தைய விலை 35 லட்சம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முன்பு 44.80 லட்சம், இப்போது 41.30 லட்சம். மூன்றரை லட்சம் மிச்சம். இது யாருக்கு உண்மையான மிச்சம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐம்பது நூறு வண்டி வைத்துக்கொண்டு, வாடகைக்கு ஜி.எஸ்.டி. போட்டு பில் அடிக்கிற பெரிய கம்பெனி, வண்டிக்குக் கட்டிய 28 சதவீதத்தையும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டு, அதாவது தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு வரி குறைந்ததால் முதலில் போடும் பணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மேலும் உள்ளீட்டு வரி எடுத்துக்கொண்டு அவர்கள் வாடகைக்குப் போடும் வரி 12 இலிருந்து 18 ஆக ஏறியது. புக்கிங் ஆபீஸுக்கு வண்டியை வாடகைக்கு விடுகிற ஒத்தை வண்டிக்காரருக்கோ ஜி.எஸ்.டி. பதிவே கிடையாது, அதனால் எடுத்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை, அவர் கட்டிய 28 சதவீதம் கட்டியதுதான். எனவே இந்த வரிக் குறைப்பில் முழுப் பலன் பார்க்கிறவர் சின்ன ஆள்தான். அரசின் வரி மாற்றம் ஒன்று பெரிய கம்பெனியை விட சின்ன ஆளுக்கு அதிகம் உதவுவது அபூர்வம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

வருமான வரி சின்ன ஆளைக் கடிக்காது. பத்து வண்டி வரை வைத்திருப்பவர் உத்தேச வருமான முறையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டிவிட்டுப் போகலாம். 28 டன் வண்டிக்கு வருஷம் 3.36 லட்சம். மூன்று வண்டி வைத்திருந்தாலும் 10.08 லட்சம்தான், வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் வரியே இல்லை. ஆனால் இந்த முறையில் வட்டியையும் தேய்மானத்தையும் தனியாகக் கழிக்க முடியாது, ஆகவே "புது வண்டி எடுத்தால் வரி மிச்சம்" என்று ஷோரூமில் சொல்கிற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

வண்டியில் என்ன மாறியிருக்கிறது? எடை. 2018 ஜூலையில் ஆக்சில் எடை விதியை மாற்றிய பிறகு, வண்டியும் லோடும் சேர்ந்து 25 டன்னாக இருந்த பத்து டயர் இப்போது 28 டன். சட்டப்படியே 3 டன் கூடுதல் என்பது சாதாரணமில்லை, ஏனென்றால் அதிக பாரம் பிடித்தால் 2019 திருத்தப்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பழைய வண்டியில் அந்த மூன்று டன்னைத் திருட்டுத்தனமாக ஏற்றிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது எத்தனை செக்போஸ்ட் வரைக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

அடுத்தது ஏ.சி. 2025 இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகிற எல்லா நடுத்தர, கனரக லாரிக்கும் கேபினில் ஏ.சி. கட்டாயம். "டிரைவர் தூங்கிடுவான்" என்று இதைக் கிண்டல் செய்த முதலாளிகளை எனக்குத் தெரியும். மே மாசம் கரூர் தாண்டி மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ஜின் சூட்டோடு அந்தக் கேபினில் உட்கார்ந்து பார்த்தால் பேச்சு மாறும். இது இரக்கம் மட்டும் இல்லை, வியாபாரமும்தான். டிரைவரின் மகன் இன்றைக்கு டிரைவராக வருவதில்லை, பனியன் கம்பெனிக்கோ காலேஜுக்கோ போகிறான். நல்ல டிரைவர் ஏ.சி. வண்டியா என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார். டிரைவர் கிடைக்காமல் வண்டி நிற்பது இப்போது சர்வசாதாரணம். விதியின் இன்னொரு பக்கம், சேஸ் மட்டும் வாங்கி வந்து கேபின் முழுவதையும் இங்கேயே கட்டிக்கொள்ளும் நாமக்கல், திருச்செங்கோடு வழக்கத்துக்கு இது இன்னொரு இறுக்கு. கம்பெனி கேபினோடு வாங்கி, பின்னால் பாடி மட்டும் இங்கே கட்டுவதுதான் இனி சுலபம்.

அப்புறம் யூரியா. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது, லாரியின் புகைக்குழாயில் வினையூக்கி, வடிகட்டி, சென்சார் எல்லாம் ஏறின. நைட்ரஜன் ஆக்சைடை அடக்க 32.5 சதவீத யூரியா கரைசலைத் தெளிக்க வேண்டும், நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை அது குடிக்கும். இதில் கஞ்சத்தனம் செய்கிறவர்கள் கெட்டார்கள். ரோட்டோரத்தில் லேபிள் இல்லாத கேனில் விற்பதை ஊற்றுவதும், இன்னும் மோசமாக, வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் நடக்கிறது. வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது, மானிய யூரியா வேறு, வண்டிக்கு ஊற்றினால் சட்டப்படியும் குற்றம், தெளிப்பான் நுனியிலும் அடைத்துக்கொள்ளும். அது அடைத்தால் என்ஜின் தானாகவே பலத்தைக் குறைத்துக்கொள்ளும், தொப்பூர் மேட்டில் ஏறும்போது அது நடந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2021 இல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது தென்கொரியாவில் லாரிகளே நின்றுபோகும் நிலை வந்தது. பழைய பி.எஸ்.3 வண்டிக்கு இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை, திருச்செங்கோட்டு மெக்கானிக் ஒரு ஸ்பானர் செட்டோடு ரோட்டிலேயே சரி செய்துவிடுவார். பி.எஸ்.6 க்கு மடிக்கணினி வேண்டும்.

இனி கிலோமீட்டர் கணக்கு. பழசு லிட்டருக்கு 4, புதுசு 4.5 என்று வைப்போம், டீசல் 92 ரூபாய். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் டீசலில் மிச்சம் ஏறக்குறைய 7,700 ரூபாய். 6,000 ஓடினால் 15,000 பக்கம். 9,000 ஓடினால் 23,000. இதில் யூரியாச் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். 74,000 தவணைக்கு எதிரே இது எங்கே நிற்கிறது? மீதியெல்லாம் கூடுதல் டன்னிலும், அதிக டிரிப்பிலும், ரிப்பேர் மிச்சத்திலும்தான் வர வேண்டும். மாதம் 9,000 ஓடுகிற நிச்சயமான லோடு, அதாவது ஒரு மில்லோடோ கம்பெனியோடோ பேசி வைத்த லைன் இருந்தால் புது வண்டி தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். புக்கிங் ஆபீஸ் வாசலில் டோக்கன் போட்டுவிட்டு மூன்று நாள் காத்துக் கிடக்கிற வண்டி என்றால், புதுசானாலும் அதே மூன்று நாள்தான் நிற்கும், ஆனால் ஒவ்வொரு நாளும் 2,500 ரூபாய்த் தவணையோடு நிற்கும்.

டயரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் டீசலுக்கு அடுத்த பெரிய பில் அதுதான். 2017 செப்டம்பரில் சீன லாரி ரேடியல் டயர்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள், 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்று ஆக்கினார்கள். மலிவு டயர் பழகியவர்களுக்கு அது அடி. இந்த ஆட்டத்தில் கேரளத்து ரப்பர் விவசாயி, டயர் கம்பெனி, லாரிக்காரர் மூன்று பேரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள், லாரிக்காரருக்குத்தான் டெல்லியில் குரல் குறைவு. 2025 இல் டயருக்கும் ஜி.எஸ்.டி. 28 இலிருந்து 18 ஆனது ஆறுதல், அது பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது.

உடைக்கக் கொடுப்பது

2021 இல் வந்த கொள்கைப்படி அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு மையத்தில் வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். உடைப்பு மதிப்பு புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் இருக்கும் என்பது கொள்கைக் கணக்கு. 41.30 லட்சத்தில் ஒன்றரை முதல் ரெண்டரை லட்சம். சான்றைக் காட்டினால் லாரிக் கம்பெனிகள் 3 சதவீதம் தள்ளுபடி தருவதாக 2024 இல் ஒப்புக்கொண்டன, அது 1.24 லட்சம். பதிவுக் கட்டணம் தள்ளுபடி, சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை என்பது மத்திய விதி, அதில் எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் கையில். எல்லாம் சேர்த்தால் மூன்று, மூன்றரை லட்சம் கண்ணில் தெரியும்.

இதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்றால், ஓடுகிற நிலையில் உள்ள வண்டியை விற்றால் வரும் விலையோடு. பல்லுப் பிடுங்கிய வண்டியாக இல்லாத வரைக்கும் விற்பதில்தான் காசு அதிகம், உள்ளூர் ஓட்டத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. உடைப்பு மையம் லாபமாக இருப்பது ரெண்டு பேருக்குத்தான்: எஃப்.சி. தேறாது என்று தெரிந்த வண்டிக்காரருக்கும், புது வண்டிக்கு முன்பணம் கட்டி சான்றை உடனே பயன்படுத்தப் போகிறவருக்கும். காயலான் கடைக்காரர் என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில் என்று தனித்தனியாக விலை போட்டுக் கூடக் கொடுப்பார்தான், ஆனால் அவரிடம் சான்று கிடைக்காது, ஆர்.சி.யும் உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

விற்றாலும் இதே எச்சரிக்கைதான். பணத்தை வாங்கிக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள், வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்கு உரிமையாளர் என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாறுகிற வரைக்கும் கொஞ்சம் பணத்தைப் பாக்கி வைத்து வாங்குங்கள், அல்லது நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்துவிடுங்கள்.

எலெக்ட்ரிக்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலை முதல் எலெக்ட்ரிக் லாரிக்கு அதிகபட்சம் 9.60 லட்சம் மானியம், நாடு முழுக்க 5,600 வண்டி வரை. பழைய லாரியை உடைத்த சான்று கட்டாயம். பேட்டரிக்கு ஐந்து வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பர்மிட்டும் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று மானியம் போகவும் ஒரு கோடி பக்கம் நிற்கும். சிமென்ட் ஆலையிலிருந்து குடோனுக்கும் குடோனிலிருந்து ஆலைக்கும் தினமும் ஒரே ரோட்டில் போய் வருகிற, ரெண்டு முனையிலும் சார்ஜர் வைத்திருக்கிற கம்பெனிக்கு அது சரி. இன்றைக்கு ஹூப்ளி, நாளைக்கு விஜயவாடா என்று லோடு போகிற பக்கம் போகிற ஒத்தை வண்டிக்காரருக்கு இல்லை, இப்போதைக்கு.

அப்படியானால் எது?

தமிழ்நாட்டுக்குள் மாதம் மூன்று, நாலாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவர் பழசை வைத்துக்கொள்ளலாம். கட்டணம் ஏறட்டும், 20 வயது வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பேசி வைத்த லோடும், கையில் விலையில் நாலில் ஒரு பங்குப் பணமும் இருக்கிறவர் புதுசு எடுக்கலாம். பணம் எல்லாவற்றையும் கடனாகவே வாங்கி எடுப்பதாக இருந்தால் என்னிடம் வராதீர்கள், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

லைன் ஓட்டம்தான் பிழைப்பு, நிச்சயமான லோடு இல்லை, பர்மிட்டும் முடியப் போகிறது என்கிற பெரும்பான்மைக்கு என் ஓட்டு பழைய பி.எஸ்.6 க்குத்தான். 2021, 2022 மாடல், அதாவது நேஷனல் பர்மிட்டுக்கு இன்னும் பத்து வருஷம் மீதி உள்ளது. 15 லட்சம் கடன், 13 சதவீத வட்டி, நாலு வருஷம் என்றால் மாதம் 40,000 சொச்சம். புதுசின் தவணையில் பாதிக்குச் சற்று மேல், ஆனால் எடை 28 டன், டெல்லிக்கும் தடை இல்லை. ஏ.சி. மட்டும் பெரும்பாலும் இருக்காது. விலை பேசும்போது ஜி.எஸ்.டி. குறைப்பை மறக்காதீர்கள்: புது வண்டி விலை மூன்றரை லட்சம் இறங்கியிருக்கிறது, அவர் 2022 இல் 28 சதவீதம் கட்டி வாங்கியதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார். அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கம்பெனி, ஆனால் வண்டிக்கு உள்ளீட்டு வரி எடுக்கவில்லை என்றால் விற்பனை லாபத்தின் மேல் மட்டும் 18 சதவீதம் வரி உண்டு. அப்படிப்பட்டவர் தேய்மானம் போக மிச்ச மதிப்புக்குக் கீழே விற்றால் அந்த வரியும் இல்லை, "ஜி.எஸ்.டி. தனி" என்று முழு விலைக்கும் போட்டால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் வண்டியைக் காட்ட நம்முடைய பழைய மெக்கானிக்கை மட்டும் கூட்டிப் போனால் போதாது. அவர் என்ஜின் சத்தத்தையும் சேஸ் வெல்டிங்கையும் சரியாகப் பார்ப்பார், ஆனால் சில வண்டிகளில் யூரியா செலவை மிச்சம் பிடிக்க ஒரு சின்னப் பெட்டியை ஒயரிங்கில் சொருகி, யூரியா தெளிப்பதாக கம்ப்யூட்டரை ஏமாற்றி வைத்திருப்பார்கள், அது சத்தத்தில் தெரியாது. ஸ்கேனர் வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், காய்ந்த வெள்ளைப் பொருக்கு கட்டி வறண்டு கிடந்தால் அந்த வண்டி ரொம்ப நாளாக யூரியா குடிக்கவில்லை என்று அர்த்தம், அதன் வினையூக்கியை மாற்றுகிற செலவு உங்களுடையதாகிவிடும். ஃபைனான்ஸ் என்.ஓ.சி., பாக்கி அபராதம், காலாண்டு வரி மூன்றையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.